கிருபைக்கு மேஜோடு ஆறு ஜோடி

1912 அக்டோபர் 14, திங்கள்

காலையிலிருந்து தூற்றல். குடைக்கம்பி ஒன்று ஒடிந்தது. கலெக்டர் கச்சேரிக்கு நனைந்தே போனேன். தலைமைக் குமாஸ்தா சிரஸ்தார் என்னைக் கண்டதும், "நீர் வராவிட்டால் இங்கே ஒரு காகிதம் நகராது வே" என்றார். (இதே வார்த்தைகள் இல்லை. "ஏன் வே இவ்வளவு நேரம்?" என்றார். அர்த்தம் அதுதான்.) சேவகனுக்குரிய டவாலிப் பட்டையைத் துடைத்துத் தோளில் போட்டுக்கொண்டேன். பித்தளை வில்லை பளபள.

சாயங்காலம் தம்பி வீடு. தம்பி மாசிலாமணி போய்ப் பதினாலு வருஷம் ஆனாலும் அது தம்பி வீடுதான். அவன் மகள் கிருபைக்கு மதுரையிலிருந்து காகிதம். மிஷன் ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை படிக்கச் சேர்த்துக்கொண்டார்களாம். அடுத்த திங்கள் ரயில் ஏற வேண்டும். காகிதத்தை நானும் வாங்கிப் பார்த்துத் தலையை ஆட்டினேன். இங்கிலீஷ் எழுத்து எல்லாம் எனக்குத் தெரியும். சேர்ந்து நின்றால்தான் தகராறு.

கொண்டுவரச் சொன்ன சாமான்:
வெள்ளைச் சேலை 4
கறுப்பு பூட்ஸ் 1 ஜோடி
மேஜோடு 6 ஜோடி
சின்னக் கத்தரி 1
வேதபுஸ்தகம்

தம்பி பெண்டாட்டி பாக்கியம் கேட்டாள்: "மேஜோடுன்னா என்னதுளா?"

"காலுக்குப் போடுத உறைம்மா. பூட்சுக்கு உள்ள போடுதது."

"அது என் பாடு," என்றேன் நான். "மேஜோட்டப் பத்தி இந்த ஜில்லாவுல என்னைவிடத் தெரிஞ்சவன் எவன் இருக்கான்? துரைமாரோட மலைக்குப் போனவம்லா!"

பழக்கதோஷத்தில் சொன்னதுதான். 

கிருபை காலை நீட்டினாள். இடம் கிடைக்கும் என்று நம்பி இரண்டு வாரமாக அடுத்த வீட்டு டீச்சரின் பழைய பூட்ஸை வெறுங்காலில் மாட்டி நடந்து பழகுகிறாளாம். "இதப் பாருங்களேன் பெரியப்பா." இடது கால் பெருவிரல் நகம். ஓரம் நாவற்பழ நிறம்.

காப்பியைக் குடிக்காமல் வந்துவிட்டேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

மழை விட்டுவிட்டு.

மத்தியானம் கச்சேரி ரிக்கார்டு அறை நடையில் பின்னால் சத்தம். சளக். சளக். நனைந்த கம்பளி கல்லில் படுகிற சத்தம். நின்றால் அதுவும் நிற்கிறது. திரும்பினேன். ஆள் இல்லை. கல்லில் ஈரத்தடம் ஒன்று. குதிகால் உண்டு, பாதம் உண்டு, விரல் தடம் இல்லை. உறை போட்ட கால். சேவகன் சுடலையைக் கூட்டி வருவதற்குள் காய்ந்துவிட்டது.

"எலி ஒண்ணுக்கு இருந்திருக்கும் அண்ணாச்சி," என்றான் சுடலை.

ஞானஸ்நானம் பெற்றவனுக்குப் பேய் ஏது? சரி. ஆனால் வாடை? நனைந்த ஆட்டு ரோம வாடை, அதற்கு அடியில் இன்னொரு வாடை. அது எனக்குத் தெரிந்த வாடை.

இந்த நோட்டை யாரும் பார்க்கப்போவதில்லை. எழுதிவிடுகிறேன்.

புலி கிடையாது.

ஊர் என்னைப் ‘புலி அண்ணாச்சி’ என்கிறது. பாபநாசத்துக்கு மேலே சர்வே துரைக்குச் சங்கிலி பிடிக்கப் போன இடத்தில் என் தம்பியைப் புலி கடித்தது, நான் மூங்கில் கம்பால் அதை விரட்டினேன், கடிபட்ட கால் அழுகித் தம்பி செத்தான் என்பது கதை. முதலில் சிறுத்தையாக இருந்தது. மூன்றாம் வருஷம் புலியாயிற்று. போன கிறிஸ்மஸில் அதற்குக் குட்டிகளும் வந்துவிட்டன.

நடந்தது: அட்டைக் காடு. விடாத மழை. தம்பியும் நானும் அட்டை ஏறாமலிருக்கக் கறுப்புக் கம்பளி மேஜோட்டை முழங்கால் வரை இழுத்துக் கயிற்றால் கட்டியிருந்தோம். "இத ராவும் பகலும் கழட்டப்படாது, துரைமாரு படுக்கையிலகூடக் கழட்டமாட்டாவ," என்று கூலிகள் நடுவில் பெரிதாகச் சொன்னேன். எனக்கு அது தெரியாது. சும்மா சொன்னேன். எனக்குக் கால் அரித்தபோது மரத்துக்குப் பின்னால் போய்க் கழற்றிக் காயவைத்துக்கொண்டேன். அவன் நான் சொன்னபடி ஒன்பது நாள் கழற்றவில்லை.

எனக்குப் பிள்ளை இல்லை. பெண்டாட்டியும் போய்ச் சேர்ந்தாயிற்று. உலகத்தில் என்னைப் ‘பெரியப்பா’ என்று கூப்பிட ஒரே ஒருத்தி. இது தெரிந்தால் அதுவும் போயிற்று.

அக்டோபர் 16, புதன்

வெயில். புழுக்கம்.

மேலப்பாளையம் சாயபு கடை. பல்வலி வேறு, கிராம்பைக் கடித்துக்கொண்டே பேச்சு. சாயபு மூன்று தினுசு எடுத்துப் போட்டார். பட்டு. கம்பளி. நூல்.

"யாருக்கு அண்ணாச்சி? கலெக்டருக்கா?"

"என் மகளுக்கு. டாக்டரம்மா ஆவப்போறா." (நர்ஸ் என்று சொல்ல நாக்கு வரவில்லை.)

"அப்பம் கறுப்புக் கம்பளி எடும். சீமைச் சரக்கு. வருசம் முழுக்கப் போட்டாலும் அழுக்குத் தெரியாது வே!"

கம்பளியைத் தொட்டேன். காய்ந்த கம்பளிதான். கையில் ஈரம் ஏறியது போல இருந்தது. அப்போது நான் என்ன செய்திருக்க வேண்டும்? அதை வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும். ஆனால் பக்கத்தில் இரண்டு பேர் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "கறுப்புக் கம்பளிதான் ராசவர்க்கம்," என்று சொல்லிவிட்டேன். ஆறு ஜோடி. சின்ன அளவு, இறுக்கமாக, சுருக்கம் விழாமல்.

வீடு வந்து பெட்டிக்குள் வைத்தேன். பெட்டி நாறுகிறது.

அக்டோபர் 17, வியாழன்

மேஜோட்டுக் கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். கிருபை ஒன்றை எடுத்துக் கைக்குள் விட்டு விரித்துப் பார்த்தாள். கண் முன்னால் நாலு வயதில் அப்பன் சவத்தருகே நின்ற பிள்ளை. இப்போது பேச்சே வேறு.

"பெரியப்பா, கோவிச்சுக்கிடாதிய. இது ஆவாது."

"ஏனாம்?"

டீச்சர் கொடுத்த சுகாதாரப் புஸ்தகத்தை நெட்டுரு போட்டிருக்கிறாள். விரல் விட்டு எண்ணிச் சொன்னாள். நம்ம ஊர் வேக்காட்டில் கால் வேர்த்துக்கொண்டே இருக்கும், வேர்வையை உறிஞ்சுகிற நூல்தான் நல்லது. விரலை அசைக்க முனையில் இடம் வேண்டும், இறுக்கினால் நகம் சதைக்குள் இறங்கும், ரத்தம் கட்டிக் கறுக்கும். ரொம்ப லூசும் கூடாது, மடிப்பு விழுந்து கொப்புளம் வரும். நனைந்தால் அந்த நிமிஷமே மாற்ற வேண்டும். தினம் ஒன்று. அதற்குத்தான் ஆறு ஜோடி.

"கறுப்பும் வேண்டாம் பெரியப்பா. வெள்ளன்னா கொதிக்கிற தண்ணியில போட்டு எடுக்கலாம். சீழோ ரத்தமோ பட்டாலும் உடனே தெரியும். கறுப்புல ஒண்ணும் தெரியாதுல்லா."

கறுப்பில் ஒன்றும் தெரியாது. ஒன்பது நாளும் ஒன்றும் தெரியவில்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியாதா? ஒன்னயச் சோதிச்சுப் பாத்தேன்," என்றேன். சிரித்தாள். பாக்கியம் சிரிக்கவில்லை.

அக்டோபர் 18, வெள்ளி

சாயபு முணுமுணுத்துக்கொண்டே மாற்றிக் கொடுத்தார். வெள்ளை நூல், ஆறு ஜோடி, ஒரு அளவு பெரிது. "டாக்டரம்மா ஆளு கெட்டிதான் அண்ணாச்சி."

கிருபை நகம் வெட்டிக்கொண்டிருந்தாள். பிறை மாதிரி வளைத்து வெட்டக் கூடாதாம். குறுக்கே நேராக. ஓரத்தைத் தோண்டவே கூடாது. கறுத்த நகத்தைத் தொடவில்லை. "அடியில நல்ல நகம் முளைக்கி. பைய பைய தள்ளிக்கிட்டு வரும்," என்றாள்.

மாசிலாமணிக்கு முளைக்க நாள் இல்லை.

ஆற்றுப்பாலத்தில் திரும்பி வரும்போது பட்டப்பகலில் சளக், சளக். ஆற்றில் செந்தண்ணீர். வண்டிகள், ஆட்கள், இத்தனைக்கும் நடுவில் என் நடைக்கு ஒத்து நடக்கிறது. நான் வேகம் போட்டால் நொண்டுகிறது. பிறகு மெதுவாகத்தான் நடந்தேன்.

அக்டோபர் 19, சனி

கிருபையை வழியனுப்ப வீட்டு ஜெபக்கூட்டம். உபதேசியார், டீச்சர், தெருவில் ஒரு இருபது பேர். (பன்னிரண்டு.) வடை, காப்பி. உபதேசியார் ஜெபத்துக்கு முன், "தகப்பனைப் பற்றிப் பிள்ளைக்கு ஒரு வார்த்தை சொல்லும், புலி அண்ணாச்சி," என்றார்.

வேண்டாம் என்றுதான் எழுந்தேன். எழுந்து நின்று முகங்களைப் பார்த்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது. மூங்கில் புதர். மஞ்சள் கண். நான் விட்ட அடி. இன்றைக்குப் புலியின் வால் ஒன்பது அடி.

கிருபை கேட்டாள். "எந்தக் கால் பெரியப்பா?"

"இடது கெண்டக்காலு. பல்லு எலும்புல போயி நின்னுட்டு!"

"அழுகுனது எங்கன இருந்து?"

"வெரல்ல இருந்துளா! பத்து வெரலும் நாவப்பழம். மேஜோட்ட உருவும்போது நகமும் தோலும் சேந்து வந்துட்டுன்னா பாத்துக்கிடேன்!"

எல்லோரும் ‘ஐயோ’ என்றார்கள். அந்த ‘ஐயோ’ எனக்கு இனித்தது. எழுதக் கை கூசுகிறது. இனித்தது.

"பத்து வெரலுமா பெரியப்பா?"

மெதுவாகத்தான் கேட்டாள். வேறு ஒருவரும் கவனிக்கவில்லை. கடிபட்டது ஒரு கால். அழுகியது இரண்டு கால். கடி கெண்டைக்காலில். அழுகல் விரலில். பொய்யை மறந்து உண்மையைச் சொல்லிவிட்டேன், அதுவும் அலங்காரம் செய்து.

உபதேசியார் கண்ணை மூடி ஜெபம் தொடங்கினார். எல்லோரும் மூடினார்கள். அவள் மூடவில்லை. நானும் மூடவில்லை.

அக்டோபர் 20, ஞாயிறு

கோவிலுக்குப் போகவில்லை. பல்வலி என்று சொல்லி அனுப்பினேன். ஆராதனை முடிந்து ஆள் வந்தது: தம்பி வீட்டில் கூப்பிடுகிறார்கள்.

பாக்கியம் உள்ளி உரித்துக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. "அத்தான், அவுகளக் குளிப்பாட்டுனது நாந்தான். கெண்டக்காலுல ஒரு கீறல்கூட இல்ல."

"பதினாலு வருசமா ஏன் பாக்கியம் சொல்லல?"

"நீங்க தெருவுல புலி புலின்னு சொல்லும்போது எம்புள்ள நெஞ்ச நிமித்திக்கிட்டு நிப்பா. ஈரத்துணிக்குள்ள அழுகிச் செத்தாவன்னு சொல்லி அதக் கெடுக்கவா?"

கிருபை சன்னல் பக்கம். புது மேஜோடு ஒவ்வொன்றின் விளிம்பிலும் சிவப்பு நூலால் தன் பெயரின் முதல் எழுத்தைத் தைத்துக்கொண்டிருந்தாள். ஊசியை நிறுத்தாமல் கேட்டாள்.

"மேஜோட்டப் பத்தி உங்களுக்குத்தான எல்லாம் தெரியும். அப்பாவ அதக் கழட்டக் கூடாதுன்னு நீங்களா சொன்னிய?"

"ஆமா."

"தெரியாமத்தான சொன்னிய பெரியப்பா? தெரிஞ்சிருந்தா சொல்லிருக்கமாட்டிய, என்ன?"

எனக்காக ஒரு கதவைத் திறந்து வைத்துவிட்டாள். ஆமா என்று ஒரு வார்த்தை சொல்லி உள்ளே போய்விடலாம். பெரியப்பாவாகவே இருந்துவிடலாம். வாசலில் சளக் என்று ஒரு சத்தம். ஒன்றே ஒன்று. வந்து நின்றுவிட்டது.

"அஞ்சாம் நாளு தெரிஞ்சுது," என்றேன்.

சொன்னேன். அஞ்சாம் நாள் அந்திக்கு முன் துரை கூடாரத்துக்கு விறகு கொண்டுபோனேன். துரை வெறுங்காலில் உட்கார்ந்திருந்தார். அவருடைய மேஜோடு நெருப்புப் பக்கம் கொடியில் காய்ந்தது. விரல் இடுக்கை ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். தினமும் அப்படித்தான் என்று சமையல்காரன் சொன்னான். கீழே வந்தேன். தம்பியிடம் சொல்லவில்லை. எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லை எப்படி மாற்றுவது?

"அப்பா கேட்டாவளா? கழட்டட்டுமான்னு?"

"மூணு தரம் கேட்டான்."

"நீங்க?"

"ஆம்பிளையா இருலேன்னேன். எல்லாரும் சிரிச்சானுவ. அதுக்குப் பெறவு கேக்கல."

ஊசி நின்றது. தைத்ததை மடித்து வைத்தாள். உள்ளே போய்விட்டாள். பாக்கியம் உள்ளி உரித்துக்கொண்டேயிருந்தாள். நான் எப்போது எழுந்து வந்தேன் என்று தெரியவில்லை.

அக்டோபர் 21, திங்கள்

விடியற்காலையிலிருந்து பெருமழை. கச்சேரிக்கு லீவு சொல்லவில்லை, போகவும் இல்லை.

ஏழு மணிக்கு வண்டி. பெட்டி ஒன்று, மூட்டை ஒன்று. பூட்ஸும் வெள்ளை மேஜோடும் போட்டு, சகதி படாமல் பாக்கியம் பிடித்த குடையில் வந்து ஏறினாள். "போயிட்டு வாரேன் டீச்சர்." "போயிட்டு வாரேன் ஐயா." உபதேசியாரிடம். வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். நான் சக்கரத்துக்குப் பக்கத்தில் வெறுங்காலோடு நின்றேன். என் முறை வந்தது. நிறுத்திவிட்டாள்.

வண்டிக்காரன் மாட்டைத் தட்டப் போனான். "இரும்," என்றாள் அவனிடம். வண்டிக்குள்ளிருந்தே குனிந்து என் காலைப் பார்த்தாள்.

"காலத் தூக்கி இங்கன வைங்க."

படிக்கட்டையில் வைத்தேன். விரலை ஒவ்வொன்றாக விலக்கிப் பார்த்தாள். கை சூடாக இருந்தது. ஊர் பேர் தெரியாதவன் காலை இனிமேல் இப்படித்தான் பார்ப்பாள் போலிருக்கிறது.

"வெளுத்து ஊறிப்போயி இருக்கு. சேத்துப்புண் வருது. நனைஞ்சா உடனே துடைச்சிரணும். இடுக்கு இடுக்கா."

"சரி."

"மத்தக் காலு."

அதையும் பார்த்தாள். பிறகு கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். வண்டி போயிற்று. தெருக்கோடி வரை கூடவே நடந்தேன். பெரியப்பா என்று கூப்பிடுகிறாளா என்று காது வைத்துக்கொண்டே நடந்தேன். கூப்பிடவில்லை.

சத்தம் இன்று முழுக்க இல்லை. இல்லாததும் பயமாக இருக்கிறது.

மேற்படி நாள், சாயங்காலம்

மழை. வெளியே போய் வந்தேன். பழைய வேட்டியில் கிழித்த துணியால் கால் துடைத்தேன். பத்து இடுக்கும் துடைத்ததாக எழுதினேன். அதை அடித்துவிட்டு எண்ணிப் பார்த்தேன். பத்து விரலுக்கு இடுக்கு எட்டு.