ஓட்டுச் சீட்டில் எழுதிய ஊர்ப் பேர்

1957 மே, சனிக்கிழமை

ஜனாதிபதி தேர்தலில் ஓட்டுப் போட ஐதராபாத் போயிருந்த எங்கள் எம்.எல்.ஏ. இன்று திரும்பினார். வண்டி நேராக நாகலாபுரம் கோயிலுக்கே வந்தது. போவதற்கு முன்னால் அங்கேதான் அவரைக் கற்பூரம் அணைத்துச் சத்தியம் பண்ண வைத்தோம். ஆந்திராவில் சிக்கிய எங்கள் தமிழ் ஊரை மெட்ராஸோடு சேர்க்கச் சொல்லி ஓட்டுச் சீட்டிலேயே எழுத வேண்டும் என்று.

"எழுதிட்டேன்பா. ஊர்ப் பேரோட எழுதிட்டேன்" என்றார். எல்லோரும் தேங்காய் உடைத்தார்கள். நானும் உடைத்தேன். இதுவரை அனுப்பிய மனுக்களைத்தான் யாரும் பார்ப்பதில்லை, ஓட்டைப் பார்த்துத்தானே ஆக வேண்டும் என்று நம்பினேன்.

சாயங்காலம் என் மச்சினன் சித்தூரிலிருந்து வந்தான். தேர்தல் ஆபீஸ் குமாஸ்தா. விஷயத்தைச் சொன்னதும் தலையில் அடித்துக்கொண்டான்.

"இன்னா மாமா, இப்பிடிப் பண்ணி வெச்சிக்கிறீங்க? சீட்டுல எதனா எழுதினா அது செல்லாத ஓட்டு. ஓரமா தூக்கிப் போட்டுடுவாங்க. எவனும் படிக்க மாட்டான்."

"மத்த எம்.எல்.ஏ.ங்க ஓட்டெல்லாம்?"

"ஜெயிச்சவருக்குத்தான். நம்ம ஓட்டு இல்லன்னு அவருக்குத் தெரியக்கூடத் தெரியாது."

ராத்திரி உட்கார்ந்து இதை எழுதுகிறேன். எம்.எல்.ஏ. பொய் சொல்லியிருந்தால் திட்டித் தீர்த்துவிட்டுத் தூங்கியிருப்பேன். சொன்னபடி செய்துவிட்டு வந்து நிற்கிறார். யாரைத் திட்டுவது?

நாளைக்கு அவரை மேளத்தோடு ஊர்வலம் அழைத்துப் போகிறார்கள். மாலை போடுவது நான்தான். வாடக்கூடாது என்று ஈரத்துணியில் சுற்றி வைத்திருக்கிறேன்.