பரவாயில்லை என்று சொல்லாதே

மார்ச் 4

சின்னவளுக்கு,

உன் கடிதம் நலம் என்று தொடங்குகிறது. மூன்றாம் பக்கத்தில்தான் கால் வீங்கியிருப்பதும் தலைவலி விடாததும் வருகின்றன. அண்ணியும் இப்படித்தான். உன்னைப் போலவே ஏழு மாதம். நீ போகிற அதே ஆஸ்பத்திரியில், தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவளிடம் நர்ஸ் எப்படி இருக்கிறது என்று கேட்டாள். "பரவாயில்லைங்க" என்று சிரித்தாள் அண்ணி. அப்படியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ரத்த அழுத்தம் பார்த்திருந்தால் தாயும் பிள்ளையும் பிழைத்திருப்பார்கள்.

அந்த ஊரில் வேறு பாஷை பேசுகிற நம் ஆட்கள் பத்தில் ஒரு பங்கு; பிரசவத்தில் சாகிற பெண்களில் பாதி. அதைச் சொன்னதற்கு, உங்கள் உடம்புவாகு அப்படி என்றார் பெரிய டாக்டர். புள்ளியியல் பாடம் நடத்திப் பிழைக்கிறவள் நான். அந்த உடம்புவாகில் எனக்கு நம்பிக்கையில்லை.

நாளைக்கே போ. நன்றாக இல்லை என்று சொல். மரியாதையைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எனக்கென்ன, குத்துக்கல் மாதிரி இருக்கிறேன்.

அக்கா

மார்ச் 9

அன்புள்ள அக்கா,

நீ திட்டி எழுதினாலும் எனக்குத் தெம்புதான். போனேன். கவுன்ட்டர்காரி என் பெயரைப் படிக்கத் திணறிவிட்டு, நிமிர்ந்துகூடப் பார்க்காமல் அடுத்த வாரம் வா என்றாள். உன் மாப்பிள்ளை பையைத் தூக்கிக்கொண்டு, "வா போலாம், எதுக்கு வம்பு" என்றார்.

"நான் நல்லா இல்ல. பிரஷர் பாக்காம எந்திரிக்க மாட்டேன்" என்றேன், அவர்கள் பாஷையிலேயே. தப்பும் தவறுமாகத்தான். வரிசையே திரும்பிப் பார்த்தது. என்னை விரட்டுவதற்காகவே ஒரு நர்ஸ் வந்து கையில் பட்டையைச் சுற்றினாள். பார்த்ததும் அவள் முகம் மாறிவிட்டது. பிறகு எல்லோரும் ஓடினார்கள்.

கட்டிலில் படுத்தபடி எழுதுகிறேன். பிரசவம் வரை இங்கேதானாம். நலம் என்று எழுத மாட்டேன். தலைவலி தேவலை.

ஒன்று கேட்கிறேன். போன மாதம் அங்கே வந்திருந்த அண்ணன் சொன்னார், நீ மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நின்று நின்று ஏறுகிறாயாம். குத்துக்கல் எதற்கு நிற்க வேண்டும்?

உன் சின்னவள்

மே 2

சின்னவளுக்கு,

பெண் பிறந்த செய்தியை மாப்பிள்ளை ஃபோனில் சொன்னபோது வகுப்பில் இருந்தேன். கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டேன். அதையே விடை என்று எழுதிக்கொண்டிருப்பார்கள் பிள்ளைகள்.

குழந்தைக்கு அண்ணியின் மூக்கு என்கிறார் மாப்பிள்ளை. வேறு வீட்டிலிருந்து வந்தவள் மூக்கு எப்படி வரும்? இருந்தாலும் நான் மறுத்துப் பேசவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். டாக்டரிடம் போனேன். எப்படி இருக்கீங்க என்றார். பரவாயில்லை என்று வந்துவிட்டது, என் வாயிலிருந்து. அவர் எழுதவே தொடங்கிவிட்டார். "இல்ல டாக்டர், பொய் சொல்லிட்டேன்" என்று முதலிலிருந்து ஆரம்பித்தேன். இதயத்துக்குப் போகும் குழாயில் கொஞ்சம் அடைப்பாம். நல்ல வேளையாக இப்போதே வந்தீர்கள், மாத்திரையிலேயே சமாளிக்கலாம் என்கிறார். பாதி நம்புகிறேன், மாத்திரையை முழுதாகப் போடுகிறேன்.

விடுமுறைக்கு அங்கே வருகிறேன். உங்கள் வீடு மூன்றாம் மாடி அல்லவா? மாப்பிள்ளையைக் கீழே வந்து பையை வாங்கிக்கொள்ளச் சொல். மெதுவாகத்தான் ஏறுவேன்.

அக்கா