ஏற்றத்தில் இழுக்காத பைக்

செவ்வாய் இரவு.

மனைவிக்கு மூச்சிரைப்பு. பதுளை ஆஸ்பத்திரியில் காட்டிவிட்டுத் திரும்பும்போது, தெமோதரை ஏற்றத்தில் இன்றும் பைக் இழுக்கவில்லை. அவளை இறங்கி நடக்கச் சொன்னேன்.

"கராஜுல காட்டுங்கன்னு எத்தன தடவ சொன்னேன்?"

"எனக்குத் தெரியாததா கராஜ்காரனுக்குத் தெரியும்?"

பெற்றோல் இருக்கிறதா என்று டாங்கி மூடியைத் திறந்தேன். உஸ்ஸென்று காற்றை உள்ளே இழுத்தது. மழைத் தண்ணீர் இறங்காதிருக்க மூடியைப் பொலித்தீனால் இறுக்கிக் கட்டியிருந்தேன். டாங்கிக்குள் காற்றுப் போக வழியில்லாததால்தான் பெற்றோல் எஞ்சினுக்கு வரவில்லை. கராஜ்காரன் என்றால் எஞ்சினையே பிரித்திருப்பான். பொலித்தீனை வீசியதும் வண்டி சீறியது.

"சரியாப் போச்சு, ஏறு."

"போன தடவையும் இதத்தான் சொன்னீங்க. நான் பஸ்சுல போறேன்."

பஸ்ஸை மறித்து ஏறிவிட்டாள். எங்கள் வீட்டுச் சந்தி வரை அதன் பின்னாலேயே வந்தேன். எந்த ஏற்றத்திலும் பைக் திணறவில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தும் அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை.