பின்பாட்டுக்கு ஆளில்லாத பாட்டு

பிரியமுள்ள முருகேசண்ணனுக்கு,

நீ போய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. நாட்டுப்பாட்டுக்காரி இங்கிலீஷ் பாட்டுக்காரி ஆகிவிட்டாள் என்று ராஜபாளையம் முழுக்க உன் தங்கச்சியைப் பற்றித்தான் பேச்சு. நான் பாடுவது இன்னமும் தமிழில்தான் என்று யாரிடம் போய்ச் சொல்ல?

உன்னிடமாவது நடந்ததைச் சொல்கிறேன். வத்திராயிருப்பு ரோட்டில் நீ பைக்கோடு விழுந்த பிறகும், பாடக் கூப்பிட்டவர்களிடம் வருகிறேன் என்றுதான் சொன்னேன். நான் ஓர் அடி பாடினால் நீ அதைத் திருப்பிப் பாட வேண்டும். நம் பாட்டெல்லாம் அப்படிக் கட்டியவை. உன் இடத்தில் வேறு ஆட்களை நிறுத்திப் பார்த்தேன். எல்லாரும் சரியான நேரத்தில் எடுத்தார்கள். நீதான் ஒருநாளும் சரியாக எடுத்ததில்லையே, ஒரு மூச்சு பிந்தித்தானே வருவாய். நான் உனக்காகக் காத்து நிற்பேன், அதற்குள் அவர்கள் பாடி முடித்திருப்பார்கள். இரண்டு மேடையில் பாதியிலேயே இறங்கிவிட்டேன்.

அப்போதுதான் மைதீன் அண்ணன் கூப்பிட்டார். கல்யாண பேண்டு செட்டில் சாக்ஸபோன் வாசிப்பாரே, ஊதாங்குழல் என்று நீ கிண்டல் பண்ணுவாயே, அவர்தான். ஜாஸ் வாசிக்க வேண்டும் என்று அவருக்கு ரொம்ப நாள் ஆசை.

"நீ பாடும்மா. ஒன் அடியத் திருப்பி வாசிக்க மாட்டேன். எனக்குத் தோணுறத வாசிக்கேன்" என்றார்.

அவர் வாசித்தது என் பாட்டைத் தொட்டுவிட்டு எங்கெங்கோ போனது. யாருக்கும் காத்து நிற்க வேண்டியிருக்கவில்லை. அதனாலேயே எனக்குப் பிடித்துப்போனது. வேறென்ன செய்வேன் அண்ணே?

அம்மாவுக்குத்தான் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. போன வாரம் சோழபுரம் அம்மன் கோவில் பொங்கலில், நம் மழைப்பாட்டை ஜாஸாக மாற்றிப் பாடினேன். முதல் வரிசையில் அம்மா. நீ எடுக்கும் இடம் வந்ததும் சாக்ஸபோன் எடுத்தது. அம்மா எழுந்து போய்விட்டாள்.

வீட்டுக்கு வந்து கேட்டேன்.

"ஏட்டி, பாட்ட நீ எப்படி வேணும்னாலும் பாடு. அவன் பாடுற எடத்த எதுக்கு அந்தக் குழலுக்குக் குடுத்த?"

"அந்த எடம் வந்தா மேல பாட ஏலலம்மா."

"எனக்கு மட்டும் ஏலுதா?"

அதோடு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வருகிற வெள்ளிக்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் அதே பாட்டு. அம்மாவைக் கூப்பிட்டேன். "பாப்போம்" என்றாள். மைதீன் அண்ணனிடமும் விஷயத்தைச் சொன்னேன். "சரிம்மா, அந்த எடத்துல கொழலக் கீழ எறக்கி வச்சிருதேன்" என்றார். அதைத் தாண்டி என்னால் பாட முடியுமா, அங்கேயே நின்றுவிடுவேனா, தெரியவில்லை. பயமாக இருக்கிறது.

ஆனாலும் ஒரு வாக்குத் தருகிறேன். பாட்டு எந்தப் பக்கம் போனாலும் அந்த ஓர் அடியில் இனி யாரும் பாட மாட்டோம், யாரும் வாசிக்க மாட்டோம். நீ அவசரப்படாதே. எப்போதும் போல ஒரு மூச்சு பிந்தியே வா.

உனக்கு முன்னால் பாடிக்கொண்டு நிற்கும் தங்கச்சி,
செல்வி