கப்பலில் கேட்ட செய்தி

ஞாயிற்றுக்கிழமை, மேற்கு மாம்பலம்

மத்தியானமே கப்பலிலிருந்து வீடு வந்துவிட்டோம். இன்னும் தரை ஆடுகிற மாதிரி இருக்கிறது.

எங்கள் இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்காக மகள் ஏற்பாடு செய்த மூன்று நாள் பயணம். கப்பலில் கால் வைக்க இடமில்லை. அறைக்கு ஜன்னல் கிடையாது. கடல் பார்க்க மேல்தளம் போனால், நாற்காலிகளில் எல்லாம் துண்டு போட்டு இடம் பிடித்திருந்தார்கள். இவர் முதல் நாளே சீட்டாட ஆள் பிடித்துவிட்டார். நான் தனியாகச் சுற்றினேன்.

நேற்று சாப்பாட்டு வரிசையில் முக்கால் மணி நேரம் நின்றேன். பின்னால் நின்றவள் இவரோடு சீட்டாடுகிறவரின் மனைவி. அடையாறாம்.

"உங்க வீட்டுக்காரருக்கு வேலை போய் நாலு மாசம் ஆச்சாமே. ஆனாலும் எவ்ளோ கலகலன்னு இருக்கார்! நீங்கதான் தைரியம் சொல்றீங்கபோல."

"ஆமாம்" என்றேன். வரிசை நகர்ந்தது. தட்டில் தயிர் சாதம் வைத்துக்கொண்டேன்.

இந்த நாலு மாதமும் காலை எட்டு மணிக்கு ஆபீஸ் என்று சொல்லி ஸ்டேஷனுக்குக் கிளம்பிய மனிதர் எங்கே போய் உட்கார்ந்திருந்தார்? கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. அழுகையும் வரவில்லை.

இன்று சாயங்காலம் மகள் போன் செய்தாள். "எப்டிம்மா இருந்துது?"

"நல்லா இருந்துது."

படுக்கப் போகுமுன் இவர் சட்டைக்கு இஸ்திரி போட்டார். "நாளைக்கு ஆபீஸ் இருக்கு. லெமன் சாதம் கட்டிடு, போதும்."

"ரெண்டு பேருக்குமா கட்டிடறேன். நானும் உங்ககூட வரேன்."

எங்கே என்று அவர் கேட்கவில்லை. சட்டையை ஆணியில் மாட்டிவிட்டுப் படுத்துக்கொண்டார்.

வீட்டில் எலுமிச்சம்பழம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.