பில்டர் கல்லுக்காகப் பொஞ்சாதியை வெளிக்கிடச் சொன்ன மகனுக்கு

மருதமுனை
வியாழக்கிழமை

அன்பு மகன் ஜெஸீமுக்கு உன் உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அந்தக் கட்டார் வெயிலில் அல்லாஹ் உன் உடம்பைச் சுகமாக வைத்திருக்கட்டும். நாங்களும் இங்கு சுகம் என்று எழுதிவிட்டு மற்றதைத் தொடங்குவதுதான் முறை, ஆனால் என் தலை இன்னும் கொதிக்கிறது, பொய் எழுத மனம் வரவில்லை. போனில் கதைத்தால் இடையில் பாய்ந்து விழுவாய், பிடிக்காவிட்டால் கட் பண்ணுவாய். கடிதத்தைக் கட் பண்ண ஏலாது. லீவு முடிந்து நாளைக்கு விமானம் ஏறும் உன் கூட்டாளி றிம்சானிடம் இதைக் கொடுத்துவிடுகிறேன், நீ இதை வாசித்து முடிக்கும் வரைக்கும் பக்கத்தில் நிற்கச் சொல்லியிருக்கிறேன்.

வாப்பாவுக்குச் சீனி வருத்தம் அப்படியே கிடக்கிறது, மாத்திரையை விழுங்கிவிட்டுக் களவாகத் தொதல் இனிப்புத் தின்கிறார். உன் தங்கச்சி முஸ்பிறாவின் கலியாணம் பெருநாளைக்குப் பிறகு என்று முடிவாகிவிட்டது, மாப்பிள்ளை பகுதியார் நல்ல மனிசர். ஊர்ப் புதினம் அவ்வளவுதான், இனி உன் புதினத்துக்கு வருகிறேன். உன் வாயில் இருந்து வந்த அந்தச் சொல்லைக் கேட்டதில் இருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை மகன்.

உன் பொஞ்சாதி நஸ்லா அந்த மீன் தொட்டியை எப்படி வைத்திருந்தாள் என்று உனக்குத் தெரியும். பில்டர் பெட்டிக்குள் அவள் போட்டிருந்தது உடைந்த கூரை ஓட்டுத் துண்டும் ஒரு பழைய ஸ்பொன்ஞ்சும்தான். அதில் மண்ணிறத்தில் வழுவழு என்று படிந்து கிடக்கும், பார்க்க அருவருப்புத்தான், நானே ஒரு நாள் இதென்ன புள்ள இப்படிக் கிடக்கு, தேய்ச்சுக் கழுவன் என்று சொன்னேன். அவள் சிரித்துக்கொண்டு, மாமி, அதுக்குள்ளதான் நல்ல கிருமி இருக்கி, மீன்ட கழிவுல வாற நஞ்ச அதுதான் தின்னுது, அதக் கழுவினா மீன் போயிரும் என்றாள். தொட்டியில் இருந்து எடுத்த தண்ணியிலேயே மெல்ல அலசிவிட்டுத் திரும்பப் போடுவாள், மருந்து போட்ட பைப் தண்ணியைக் கிட்டவும் விடமாட்டாள். அந்தத் தங்க மீன்கள் கையளவுக்கு வளர்ந்து நின்றது அப்படித்தான்.

இது உனக்குப் பொறுக்கவில்லை. வீடியோவில் பார்த்துவிட்டு உன் றூம் கூட்டாளிகள் சிரித்தார்களாம், உனக்கு வெட்கமாகப் போய்விட்டதாம். முதலில் பில்டருக்குள் முருகைக்கல் போடு என்றாய், அடுத்த கிழமை பிளாஸ்டிக் பந்து என்றாய், கடைசியில் றிம்சானிடம் ஒரு பெட்டி வெள்ளை வளையம் கொடுத்து அனுப்பினாய், அதுதான் உலகத்திலேயே திறமாம். வளையத்தில் குற்றம் இல்லை. நல்ல சாமான்தான், உள்ளே எல்லாம் சிறு சிறு ஓட்டை, கிருமி குடியிருக்க நிறைய இடம் என்று நஸ்லாவே சொன்னாள். ஆனால் வெறும் வீட்டுக்கு ஆள் உடனே வந்துவிடுமா? பேத்தி ஸம்றாவுக்குக் காய்ச்சல் என்று பார்க்கப் போன அன்று நானும் அங்கேதான் இருந்தேன், நீ போனில் நின்று ஓடர் போட்டதை என் இரண்டு காதாலும் கேட்டேன். அந்தப் பிள்ளை எவ்வளவு தன்மையாகச் சொன்னாள், பழைய ஓட்டுத் துண்டு பாதியாவது உள்ளுக்குக் கிடக்கட்டும், புதுசுல கிருமி பிடிச்சாப் பொறகு மத்தத எடுப்பம், உறை ஊத்தாமப் பால மூடி வெச்சாத் தயிராகுமா என்று கேட்டாள். எருமைத் தயிர் தின்று வளர்ந்த உனக்கு அது விளங்கவில்லையா? நீ என்ன சொன்னாய்? பெரிய விஞ்ஞானி கதைக்கிறா, எல்லாத்தையும் குப்பையில கொட்டு, பெட்டியப் பைப்புல தேய்ச்சுக் கழுவு, நான் சொல்றத்தச் செய் என்றாய். அவள் செய்தாள். உன் சொல்லை மீறக்கூடாது என்று செய்தாள்.

பிறகு நடந்தது உனக்கே தெரியும். தண்ணி பால் மாதிரிக் கலங்கி, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளந்து, ஒவ்வொன்றாய்ச் செத்தது. நஸ்லா கிணற்றுத் தண்ணி அள்ளி அள்ளி மாற்றிப் பார்த்தாள், ஒன்றும் சரிவரவில்லை. பாவம் ஓரிடம் பழி ஓரிடம் என்பது இதுதான். செத்த மீனை வீடியோவில் பார்த்ததும் உனக்குப் பேய் பிடித்துவிட்டது. ஒரு தொட்டியப் பாக்க ஏலாத நீ எனக்கெதுக்கு, என்ட ஊட்ட உட்டு வெளிக்கிடு என்று கத்தினாய். நான் இருக்கிறேன், அவளுடைய உம்மா இருக்கிறா, மடியில் ஸம்றா இருக்கிறாள். வாப்பும்மா, நாம எங்க போற என்று அந்தச் சின்னது என்னிடம் கேட்டது.

உன்ட ஊடா? எந்த ஊடு மகன் உன்ட ஊடு? நம் பகுதியில் ஆம்பிளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன், அது மறந்துபோயிற்றா? கச்சிமுகம்மது சம்மந்தி இறக்காமத்து வயலில் யானைக்குக் காவல் கிடந்து, வெள்ளாமை செய்து, அரிசியை விற்று மகளுக்கென்று கட்டின வீடு அது. வீட்டு உறுதிப் பத்திரத்தில் நஸ்லாவின் பெயர் கிடக்கிறது. நீ நிறப்பூச்சுப் பூசினாய், ஏசி போட்டாய், ஓம், இல்லை என்று சொல்லவில்லை. அதுக்காக, வீட்டுக்காரியையே வீட்டை விட்டுப் போகச் சொல்கிற வாய் உனக்கு எங்கே இருந்து வந்தது? ஊரில் கேட்டால் கைகொட்டிச் சிரிப்பார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, வெட்கம்தான் வருகிறது, இப்படியொன்றைப் பெற்றேனே என்று.

வாப்பா சொல்கிறார், பொடியன் ஆத்திரத்துல ஒரு வார்த்தை உட்டுட்டான், பெரிசாக்காத என்று. அவருக்கு அன்று பின்னேரம் நான் தேத்தண்ணி ஊற்றவில்லை.

நஸ்லா அழவில்லை, என்னோடு ஒரு சொல் கோபமாகக் கதைக்கவும் இல்லை. மாமி, நான் அவருக்கிட்ட ஒண்டும் கேக்கல்ல, இனி லீவுல வந்தா எங்க வந்து இறங்குவாரெண்டு மட்டும் கேட்டுச் சொல்லுங்க என்றாள். இன்று காலையில் ஓட்டோவில் உன் பெட்டி வந்தது. சாரன், சேர்ட், பெருநாள் ஜுப்பா எல்லாம் அயன் பண்ணி மடித்து வைத்து அனுப்பியிருக்கிறாள். வாப்பா உள்ளே தூக்கப் போனார், நான் விடவில்லை. எங்கே கொண்டுபோய் வைப்பது? இந்த வீட்டைப் போன கிழமை முஸ்பிறாவின் பெயருக்கு எழுதியாயிற்று, கலியாணம் முடிந்தால் நானும் வாப்பாவுமே அவளுடைய தயவில் இருக்கிறவர்கள். உனக்கு இந்தக் கரையோரத்தில் இருந்தது ஒரு வீடுதான் மகன், அதன் கதவை நீயே உன் வாயால் சாத்தினாய்.

இதை வாசித்துவிட்டு எனக்குப் போன் எடுக்காதே, எடுத்தாலும் நான் தூக்கமாட்டேன். முதலில் நஸ்லாவுக்கு எடு. பிழை உன்னுடையது என்று ஸம்றாவுக்கும் கேட்கும்படி சொல்லு, அவள் காதில்தான் அந்தச் சொல் விழுந்தது. சுபஹுத் தொழுகையைத் தவற விடாதே, நேரத்துக்குச் சாப்பிடு. அல்லாஹ் உனக்கு நீண்ட ஆயுளையும் அடக்கமான நாவையும் தரட்டும், இரண்டாவதை முதலில் தரட்டும்.

பெட்டி வெளிவாசலில்தான் கிடக்கிறது, வானம் இருட்டிக்கொண்டு வருகிறது. நஸ்லா வந்து எடுத்தால் உண்டு, நான் தொடமாட்டேன்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற உம்மா
சுபைறா