பேனலில் பூசிய சந்தனம்

அன்புள்ள திலகாவுக்கு,

மானியம் கேட்டிருந்தோமே, நம் சோலார் பம்பைச் சோதிக்க இன்று மலாக்காவிலிருந்து ஆபீசர் வந்தார். நல்ல வெயில் அடித்தும் தண்ணீர் நூல் மாதிரிதான் வந்தது.

“பேனல் மேல என்னம்மா அது?” என்றார்.

வெள்ளிதோறும் நான் பட்டை பட்டையாகப் பூசும் சந்தனம்தான். வெயிலை மறைக்கிறது என்று நீ துடைக்க வந்தபோது, “சாமிக்கு வச்சத தொடாத” என்று உன்னை விரட்டினேனே, அதேதான். இன்று நானே ஈரத்துணியால் துடைத்தேன். தண்ணீர் பாய்ந்தது.

மானிய விண்ணப்பப் பாரத்தில் பங்குதாரர் இருவரும் கையெழுத்துப் போட வேண்டுமாம். “இன்னொருத்தவங்க விலகிட்டாங்களா?” என்று கேட்டார். “கோவிச்சுக்கிட்டு மெர்லிமாவுல இருக்கா, வந்திருவா லா” என்றேன்.

இனிமேல் சந்தனப் பொட்டு பேனலின் சட்டத்தில்தான். எந்த மூலையில் வைக்கலாம் என்று நீயே வந்து காட்டு.

உன் கூட்டாளி